தாத்தா கொண்டுவந்த காக்கா வில்லை

அமாவாசைக்கு எங்கள் வீட்டில் காக்கைக்கு இரண்டு பிடி சோறு வைப்போம். ஒன்று, எல்லா வீட்டிலும் வைப்பது போலக் குடும்பத்துப் பெரியவர்களுக்கு. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, தனியாகக் கிழித்த இலைத் துண்டில் இன்னொரு பிடி. சின்ன வயதில் அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகித் திருவண்ணாமலைப் பக்கம் போனபின், முதல் ஆடி அமாவாசையில் பழக்கத்தில் இரண்டாவது இலையைக் கிழித்தேன். “இது யாருக்கும்மா?” என்று மாமியார் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “உங்க தாத்தா வெப்பாரு. அவரு போனப்புறம் நான் வெக்கிறேன். நீயும் வெச்சிட்டுப் போ” என்றார். அது 1996. தாத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தாத்தா 1922இல் வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். 1941இல், பத்தொன்பது வயதில், பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்தார். சேப்பர் என்றால் துப்பாக்கியும் உண்டு, ஆனால் பிழைப்பு மண்வெட்டியிலும் மரத்திலும் இரும்பிலும். சாலை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. அல்சூர் ஏரியில் மிதவைப் பாலம் கட்டப் பழகியதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் படையில் சிப்பாய்களுக்கு ‘தம்பி’ என்றுதான் பெயர். இன்றைக்கும் மெட்ராஸ் சேப்பர்களைத் ‘தம்பிகள்’ என்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரி வாயால் “தம்பி” என்று கேட்டது அவருக்குக் கடைசிவரை சந்தோஷமான ஞாபகம்.

பர்மா யுத்தத்துக்குப் போய்விட்டு 1946இல் பென்ஷன் இல்லாமல் ஊருக்குத் திரும்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கறுப்புக் கம்பளி, ஒரு மெஸ் டின். பெட்டிக்குள் அந்த ஜப்பான் வில்லை. டவாலி போட்ட சேவகன் நெஞ்சில் இருக்குமே, அந்த வில்லை. பதக்கம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

அவருக்கென்று கிடைத்த பதக்கங்கள் பிற்பாடு தபாலில் வந்தன. ஆறு முனையுள்ள பர்மா ஸ்டார் ஒன்று. நடுவில் சிவப்பு, இருபுறமும் நீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடுகள் கொண்ட நாடாவோடு. இன்னொன்று, சிங்கம் இரட்டைத்தலை மிருகத்தின் மேல் ஏறி நிற்கிற போர்ப் பதக்கம். இரண்டையும் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட்டார். என் மாமா அந்த ஸ்டாரை ஆட்டுக்கிடாய் கழுத்தில் கட்டிக் கூட்டிப்போய், எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தாராம். தாத்தா திட்டவே இல்லை. ஆனால் ஜப்பான் வில்லை இருந்த பெட்டியின் சாவி அவர் அரைஞாண் கயிற்றை விட்டு இறங்கியதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது, பெட்டி வெளியே வரும். அப்போது பார்ப்போம். ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் அளவு, வெண்கலம். நாடா இல்லை. வளையத்தில் ஒரு கறுப்புக் கயிறு கோத்திருந்தார். முன்பக்கம் இரண்டு கொடிகள் குறுக்காக, அவற்றின் மேல் சிறகு விரித்த ஒரு பறவை, அதற்கும் மேலே பூ மாதிரி ஒரு முத்திரை, அதிலிருந்து கதிர்கள். பின்பக்கம் மலை, மேகம், கடல் அலை. நடுவில் நாலு எழுத்து, கட்டம் கட்டமாக. நாங்கள் பருந்து என்போம். “பருந்து இல்ல, காக்கா” என்பார் தாத்தா. அவருக்கு யார் சொன்னார்கள், பார்த்ததுமே தெரிந்ததா என்பதெல்லாம் இனிக் கேட்க முடியாது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

எங்களுக்குச் சொன்ன கதை இது. யுத்தம் முடிந்து ஜப்பான்காரர்கள் சரணடைந்த பிறகு, அவர்களைக் கொண்டே சாலையும் பாலமும் பழுது பார்த்தார்கள். (அது உண்மைதான். 1947 வரைக்கும் ஜப்பானியச் சிப்பாய்களைப் பர்மாவில் வேலைக்கு வைத்திருந்தார்கள்.) அப்படி ஒருவன் தாத்தாவோடு பலகை தூக்கினானாம். தாத்தா அவனுக்குக் கத்திரி மார்க் சிகரெட் ஒரு பாக்கெட் கொடுத்தார். அவன் இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டுவிட்டு, மறுநாள் இந்த வில்லையைக் கொண்டுவந்து கையில் வைத்தான். எங்களுக்கு அந்தக் குனிந்த கும்பிடு ரொம்பப் பிடிக்கும். “எப்படி தாத்தா குனிஞ்சான்?” என்று திரும்பத் திரும்பக் கேட்போம். அவர் எழுந்து நின்று குனிந்து காட்டுவார். பள்ளிக்கூடத்தில் ‘என் தாத்தா’ கட்டுரை எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதினேன்.

2008இல் ஆயா என்னிடம் வேறு மாதிரி சொன்னார். அப்போது அவருக்கு எண்பது வயது. இடுப்பு உடைந்து படுக்கையில் இருந்தார். அந்தப் புரட்டாசி அமாவாசையன்று நான் ஊரில் இருந்தேன். மதில்மேல் இரண்டு இலையும் வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, “ஜப்பான்காரனுக்கும் வெச்சியா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

1945 ஆடி மாதம். ரங்கூன் மே மாதமே பிடிபட்டுவிட்டது. பெகு யோமா மலையில் சிக்கிக்கொண்ட ஜப்பான் படை, மண்டலே-ரங்கூன் சாலையைக் குறுக்கே கடந்து, சிட்டாங் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே தப்பப் பார்த்தது. அவர்கள் திட்டம் முன்கூட்டியே நம் படையின் கைக்குக் கிடைத்துவிட்டதால், சாலை நெடுக அவர்களுக்காகப் பீரங்கிகள் காத்திருந்தன. தப்பித்து ஆற்றுக்கு வந்தவர்களையும் அடைமழை விடவில்லை. படகு கிடையாது. மூங்கில் துண்டுகளைக் கட்டிக்கொண்டு நீந்தினார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆற்றில் பிணம் மிதந்து வந்ததை அங்கே இருந்த எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

தாத்தாவின் ஆட்கள் சாலையில் ஒரு சின்ன மரப்பாலத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். காப்பது என்றால் எதிரியிடமிருந்து மட்டுமில்லை. வெள்ளத்தில் கிளை, வேர், செத்த மாடு எல்லாம் வந்து பாலத்துக் கால்களில் மாட்டும். தண்ணீர் தேங்கி, அழுத்தம் ஏறி, பாலம் போய்விடும். மூங்கில் கழியால் நெம்பித் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விடியற்காலையில் தாத்தாவின் முறை. மாட்டியிருந்தது ஒரு ஆள். அக்குளுக்கு அடியில் மூங்கில் கட்டியிருந்தது.

“தள்ளி உட்டுருக்கலாம். இவரு இழுத்து மேல போட்டாராம்” என்றார் ஆயா. “பொதைக்கலாம்னு தான். சட்டைப் பையில பொட்டலம் இருந்துச்சாம். எண்ணெத்துணி சுத்தி. பிரிச்சா இந்த வில்லையும், கூழாப்போன காயிதமும். காயிதத்துல எழுத்து இருந்துச்சாம். மையெல்லாம் ஊறி ஓடிட்டு, கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சுதாம். அதத் தண்ணியில உட்டுட்டு, வில்லைய எடுத்து நிஜார்ல போட்டுக்கினாரு.”

புதைக்கவும் இல்லை. லாரி வந்துவிட்டது, பாலத்தைத் திறக்கச் சொல்லி அதிகாரி கத்தினார். ஆளைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள்.

கல்யாணமான மூன்றாவது மாதம், தை அமாவாசைக்கு, தாத்தா தனியாக ஒரு பிடி எடுத்து வைத்தபோது ஆயா கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை ஆயா அறுபது வருஷம் கழித்து எனக்கு அப்படியே சொன்னார்: “பேர் இருந்த காயிதத்த வீசிட்டேன், செம்ப எடுத்துக்கினேன்.”

ஆற்றில் அந்த ஆள் மாட்டியதற்கு முந்தைய வருஷம் நடந்த ஒன்றையும் அன்றுதான் கேட்டேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தாத்தாவோடு ஒரே நாளில் பெங்களூரில் சேர்ந்தவர், கலேவா சாலை வேலையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். பர்மாவில் சிண்ட்வின் ஆற்றின் குறுக்கே கலேவாவில் 1944 டிசம்பரில் 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுகிற பாலம், போட்டார்கள். அந்த நாளில் உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அது. அதைத் தாண்டியும் லாரி போக வேண்டுமே. கல் இல்லை, ஜல்லி இல்லை. மண்ணைத் தட்டிச் சமமாக்கி, தாரில் தோய்த்த சணல் துணியைப் பாய் விரிப்பது போல ஒன்றின் ஓரத்தின் மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போனார்கள். மைல் கணக்கில். அந்தத் துணி விரிக்கிற கூட்டத்தில்தான் இரண்டு பேரும் இருந்தார்கள். நண்பரைச் சாலையோரமே எரித்தார்கள். அவருடைய மெஸ் டின்னைத் தாத்தா இரண்டு வருஷம் சுமந்து, ஊருக்கு வந்த முதல் நாளே அவர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா அதில்தான் கடைசிவரை கஞ்சி குடித்தாராம். அப்படி எரிக்கப்பட்டவர்கள், கல்லறை தெரியாதவர்கள் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களை ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் நினைவிடத்துத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர்கள் அதில் நிறைய.

மெஸ் டின்னைக் கொடுத்தபோது அந்த அம்மா முகத்தைத் தாத்தா பார்த்திருக்கிறார். வில்லை அப்போதும் அவர் பெட்டியில்தான் இருந்தது.

ஆயா சொன்னதைக் கேட்ட பிறகு சில மாதங்கள் எனக்குத் தாத்தாமேல் கோபம் இருந்தது. பிணத்திடம் எடுத்ததற்காக இல்லை. எல்லாப் படையிலும், எல்லாச் சிப்பாயும் எடுத்தார்கள். வாள், கொடி, கைக்கடிகாரம் என்று கப்பல் கப்பலாக ஊருக்குப் போயிருக்கிறது. அந்தக் குனிந்த கும்பிடுக்காகத்தான் கோபம். எழுந்து நின்று குனிந்து காட்டினாரே, அந்த ஆள் இல்லவே இல்லை. இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். அந்த ஆள் உயிரோடு இருந்து, தன் கையால் கொடுத்து, பதிலுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிக்கொண்டு போனதாக இருக்க வேண்டும் என்று தாத்தா எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்.

2019இல் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு வில்லையைக் கொண்டுபோனேன். மேசை போட்டிருந்த ஒருவர் பார்த்த உடனே சொன்னார்: சீனப் போருக்கு ஜப்பான் கொடுத்தது. அது ஆயிரத்துக்கு ஒருவருக்குக் கிடைத்த வீரப் பதக்கம் இல்லை. 1937இல் தொடங்கிய அந்தப் போரில் போனவர்களுக்கெல்லாம் கொடுக்கவென்று 1939இல் ஏற்படுத்தியது. அந்த நாலு எழுத்துக்கு ‘ஷினா ஜிஹென்’, சீனச் சம்பவம் என்று அர்த்தம். லட்சக்கணக்கான ஜனங்கள் செத்த யுத்தத்தை அந்த அரசாங்கம் யுத்தம் என்று சொல்லவில்லை, சம்பவம் என்றது. அதையே வெண்கலத்திலும் வார்த்துவிட்டது. மேலே இருக்கிற பூ சாமந்தி, அரச முத்திரை. பறவை யத்தகராசு. ஜப்பானின் முதல் சக்கரவர்த்தி என்று சொல்லப்படும் ஜிம்முவுக்கு மலைக்காட்டில் வழி காட்டிய காக்கை. புராணப்படி அதற்கு மூன்று கால். அன்று என்கூட வந்த என் மகன், ஜப்பான் கால்பந்து அணி சட்டையில் இருக்கிற காக்கைதானே என்றான். அதேதான்.

அவர் மூவாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். நாடாவும் பெட்டியும் இல்லாததால் அதற்கு மேல் போகாது என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: இதில் எங்காவது பெயர் இருக்கிறதா? இல்லை. பெயர் வெட்டுகிற பழக்கம் இந்தப் பதக்கத்துக்கு இல்லை. பெயர் தனித்தாளில் வரும்.

தனித்தாளில். அந்தக் கூழான காகிதம் பதக்கத்தோடு வந்த தாளா, வீட்டிலிருந்து வந்த கடிதமா, எதுவானாலும் அதில்தான் அவன் யார் என்பது இருந்திருக்கும். தாத்தாவுக்கு ஜப்பான் எழுத்தும் தெரியாது, இந்த விவரமும் தெரியாது. ஆனாலும் தப்பு எதில் நடந்தது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

திருப்பிக் கொடுக்க வழி தேடினேன். ஜப்பான் சிப்பாய்கள் போருக்குப் போகும்போது ஊரார் எல்லாரும் கையெழுத்துப் போட்ட கொடி ஒன்றைக் கொண்டுபோவார்கள். அந்தக் கொடிகளை எடுத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது திருப்பி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில், ஒரேகானில் இருக்கிற ஒபான் சொசைட்டி என்ற அமைப்பு கையெழுத்துகளைப் படித்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. ஒபான் என்பது ஜப்பானில் முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகிற நாள்கள், பல ஊர்களில் ஆகஸ்ட் நடுவில். நம் ஆடி அமாவாசையும் சில வருஷம் அதை ஒட்டி வரும். ஆனால் அங்கேயும் பெயர் வேண்டும், ஊர் வேண்டும். என் கையில் இருப்பது செம்பு மட்டும். பர்மாவுக்குப் போன ஏறக்குறைய 3 லட்சம் ஜப்பானியரில் 1,80,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. இவன் அதில் ஒருவன் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் ஓர்ப்படி. ஈப்போவில் பிறந்தவள். கொரோனாவுக்குப் பிறகு முதல் தடவையாகப் போன புரட்டாசியில் வந்திருந்தாள். மாடியில் இரண்டாவது இலையைப் பார்த்துக் கேட்டாள். நானும், நல்ல கதை என்ற நினைப்பில், முழுவதும் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை.

அவளுடைய கொள்ளுத் தாத்தாவை 1943இல் பால்மரக் காட்டிலிருந்து ஜப்பான்காரர்கள் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்புசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர், மரண ரயில் பாதை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்குக் கல்லறைகள் இருக்கின்றன. பல்லாயிரக்கணக்கில் செத்த தமிழ்த் தொழிலாளர்களை யாரும் பெயர் சொல்லிப் புதைக்கவில்லை. காலராவில் செத்தவர்களைக் கூட்டமாகக் கொளுத்தினார்கள். அவர் திரும்பவில்லை. எந்த முகாமில், எந்த மாதம் என்பதுகூட வீட்டுக்குத் தெரியாது. திதி தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் கும்பிடுகிறார்கள்.

“அந்த ஆளு சீனாவுல என்ன செஞ்சானோ, எங்க பாட்டனை அடிச்சவனே அவந்தானோ, அவனுக்கு நீங்க சோறு வைக்கிறீங்களாக்கா?” என்றாள். குரல் உயரவில்லை. அவள் கேட்டது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த வெண்கலம் நான்கிங் படுகொலை நடந்த யுத்தத்துக்குக் கொடுத்தது என்று ஐந்து வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்தும் காக்கையையும் மலையையும் அலையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனை ஆற்றில் மிதந்த பையனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் அந்தப் பதக்கம் இருந்தால், அவன் 1945இல் பையன் இல்லை. எட்டு வருஷம் சண்டை பார்த்தவனாகக்கூட இருக்கலாம்.

அவளுக்கு நான் ஒரே ஒரு பதில்தான் சொன்னேன். இது அவனுக்கு மரியாதை இல்லை, என் தாத்தா பட்ட கடன். தாத்தா அவன் நல்லவனா என்று விசாரித்து வைக்கவில்லை. எடுத்ததற்கு வைத்தார். நான் நிறுத்தினால் தாத்தாவின் கடன் நிற்கும். அவள் ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். “உங்க வீட்டு வழக்கம் உங்களுக்கு. என்னால முடியாதுக்கா” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கும் ஒரு இலை குடுங்க” என்று கேட்டாள். நறுக்கிக் கொடுத்தேன். சோறும், வாழைக்காய்ப் பொரியலும், வடையில் பாதியும் வைத்தாள். எங்கள் இரண்டு இலைக்கும் பக்கத்தில் வைக்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரின் மறுகோடிக்கு, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கேயே நின்று கூப்பிட்டாள்.